ஆஸ்திரேலியக் குழு வழக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா? சிங்கப்பூரில் இருந்தபடியே செய்ய வேண்டியவை

மெல்பர்னில் படித்த காலத்து மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் வந்து கிடக்கிறது. மேலே ஒரு நீதிமன்றத்தின் பெயர், அடுத்து வழக்கு எண், பிறகு “நீங்கள் குழு உறுப்பினராக இருக்கக்கூடும்” என்று ஒரு வரி. தெம்பனிசிலோ உட்லண்ட்சிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களில் பலர் மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் “நான் யார் மேலும் வழக்குப் போடவில்லையே” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பலருக்காக ஒருவரே தொடுக்கும் வழக்குதான் குழு வழக்கு. கடிதம் உண்மையானதாக இருந்தால், இரண்டு வழியிலும் வர வேண்டிய பணம் போய்விடும்.

இப்படிப்பட்ட கடிதம் இங்கே யாருக்கு வரும்? அங்கே படிக்கும்போது மாணவர் மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள், சிட்னி பங்குச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள், சிட்னியிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் போனவர்கள், பெர்த்தில் சில வருடம் வேலை பார்த்து அங்கேயே கார் வாங்கி ஓட்டியவர்கள். ஓர் எடுத்துக்காட்டு: 2022 அக்டோபரில் மெடிபேங்க் காப்பீட்டு நிறுவனத்தின் தரவு திருடப்பட்டபோது பாதிக்கப்பட்ட 9.7 மில்லியன் பேரில் ஏறத்தாழ 1.8 மில்லியன் பேர் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். அது தொடர்பாகக் குழு வழக்கும் தொடுக்கப்பட்டது.

இந்த வழக்குகளில் ஒன்றை மட்டும் பிசகாமல் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் அதற்கு ஒரு கட்டத்தில் ஒரு பொருள், அடுத்த கட்டத்தில் நேர் எதிரான பொருள். முதல் கட்டத்தில் (விலகல்) பேசாமல் இருப்பவர் வழக்குக்குள்ளேயே இருக்கிறார். இரண்டாம் கட்டத்தில் (பதிவு) பேசாமல் இருப்பவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவார், ஆனால் பணம் கைக்கு வராமல் போகலாம். எனவே கையில் இருக்கும் கடிதம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் நடைமுறை வேறு

இங்கே பலர் சேர்ந்து ஒருவரை முன்னிறுத்தி வழக்குப் போடலாம். அதற்கு 2021ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள், ஆணை 4, விதி 6 இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலும் மனுவோடு சேர வேண்டும். கையெழுத்துப் போடாதவருக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை.

ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ். 1992 முதல் நடப்பில் இருக்கும் கூட்டரசு நீதிமன்றச் சட்டத்தின் 4ஏ பகுதிப்படி, குறைந்தது ஏழு பேருக்கு ஒரே மாதிரியான அல்லது தொடர்புள்ள சூழ்நிலையில் கோரிக்கை எழுந்து, அவற்றுக்குப் பொதுவான ஒரு முக்கியக் கேள்வியாவது இருந்தால் ஒருவரே எல்லாருக்காகவும் வழக்குத் தொடுக்கலாம். மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. வரையறைக்குள் வருகிற அனைவரும் தாமாகவே உறுப்பினர்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலங்களிலும் இதே அமைப்பு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியா 2023 மார்ச்சில்தான் சேர்ந்தது, ஆகவே இனிமேல் பெர்த்தின் மாநில நீதிமன்றத்திலிருந்தும் இத்தகைய கடிதங்கள் வரும்.

செலவைப் பற்றிய பயம் வேண்டாம். வழக்குத் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி சாதாரணக் குழு உறுப்பினருக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றச் சட்டமே சொல்கிறது. அந்த ஆபத்து, முன்னின்று வழக்கை நடத்தும் தலைமை மனுதாரருக்கும் அவருக்குப் பின்னால் பணம் போடுபவருக்கும் உரியது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இடம் உண்டா?

உண்டு. 2022 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பிஎச்பி சுரங்க நிறுவன வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. (இங்கே உயர் நீதிமன்றத்துக்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருப்பதுபோல் அங்கே இல்லை, உயர் நீதிமன்றமே கடைசிப் படி.) 2015இல் பிரேசிலில் பிஎச்பிக்குப் பங்குள்ள சமார்கோ சுரங்கத்தின் அணை உடைந்த பிறகு பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு அது. ஆஸ்திரேலியாவில் வசிக்காதவர்கள் குழுவில் இருக்க முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

2023 டிசம்பரில் வந்த ரூபி பிரின்சஸ் கப்பல் தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2020 மார்ச்சில் சிட்னியிலிருந்து கிளம்பி கொவிட் பரவிய கப்பல் அது. பயணிகளில் சிலருக்கு அமெரிக்க நிபந்தனைகளின்படி டிக்கெட் விற்றிருந்தார்கள். குழு வழக்கில் சேரக்கூடாது, அமெரிக்க நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்பவை அந்த நிபந்தனைகள். குழு வழக்கைத் தடுக்கும் பிரிவு ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் சட்டப்படி நியாயமற்றது, செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அமெரிக்காவுக்கே போக வேண்டும் என்ற பிரிவைக் காட்டி வழக்கை நிறுத்திவைக்கவும் மறுத்துவிட்டது. ஆகவே டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பார்த்து “எனக்கு உரிமையில்லை” என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் கடிதம் உண்மையா என்று பாருங்கள்

கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வழக்கு எண்ணை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டரசு நீதிமன்ற எண்ணில் மூன்றெழுத்து முன்னொட்டு இருக்கும்: சிட்னி என்றால் என்எஸ்டி, மெல்பர்ன் என்றால் விஐடி, பிரிஸ்பன் என்றால் கியூயுடி, பெர்த் என்றால் டபிள்யுஏடி. அதன்பின் ஒரு எண், சாய்கோடு, ஆண்டு. நீதிமன்ற இணையத்தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டிப் போய், குழு வழக்குகள் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றங்களின் (இவை மாநில நீதிமன்றங்கள், உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ளவை) தளங்களிலும் இத்தகைய பட்டியல் உண்டு. வழக்கை நடத்தும் சட்ட நிறுவனத்தின் பெயரும் அங்கே கிடைக்கும். தொலைபேசி எண்ணையும் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

பதிவையும் பணப் பங்கீட்டையும் கவனிக்கும் உண்மையான நிர்வாகி முன்பணம் கேட்கமாட்டார். “விடுவிப்புக் கட்டணம்”, “வரி முன்கட்டணம்”, வங்கிக் கடவுச்சொல், சிங்பாஸ் உள்நுழைவு என்று எதையாவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

வரையறையை எழுத்தெண்ணிப் படியுங்கள்

அறிவிப்பில் மிக முக்கியமான பத்தி, யார் குழு உறுப்பினர் என்று சொல்லும் பத்திதான். மூன்று விவரங்களை அதில் தேடுங்கள்: எந்தப் பொருள் அல்லது பத்திரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாரெல்லாம் விலக்கப்பட்டவர்கள்.

டொயோட்டா வழக்கை எடுத்துக்கொள்வோம். 2015 அக்டோபர் 1 முதல் 2020 ஏப்ரல் 23 வரை ஆஸ்திரேலியாவில் விற்ற, டீசல் வடிகட்டியில் குறையுள்ள ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வாகனங்களைப் பற்றியது அது. ஏப்ரல் 24இல் வாங்கியவருக்கு இடமில்லை. அதே மாதிரி வண்டியைச் சிங்கப்பூரில் வாங்கியவருக்கும் இல்லை.

பங்குகளில் இன்னும் கவனம் வேண்டும். லெண்ட்லீஸ் என்ற கட்டுமான, சொத்து நிறுவனத்தின் மீதான வழக்கு சிட்னிச் சந்தையில் பட்டியலிட்ட லெண்ட்லீஸ் பத்திரங்களைப் பற்றியது. ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கடைத்தொகுதியைச் சொந்தமாக வைத்திருக்கும் லெண்ட்லீஸ் ரீட் (சொத்து முதலீட்டு அறக்கட்டளை) யூனிட்டுகளைச் சிங்கப்பூர்ச் சந்தையில் வாங்கியவர் அந்தக் குழுவில் இல்லை; பெயர் ஒன்று என்றாலும் பத்திரம் வேறு. ஆப்டஸ் சிங்டெலின் துணை நிறுவனம்தான். ஆனாலும் ஆப்டஸ் வாடிக்கையாளர்கள் தரவுக் கசிவுக்காகத் தொடுத்த வழக்கில் சிங்டெல் பங்குதாரர் உறுப்பினர் ஆகமாட்டார்.

விலகுவதா, இருப்பதா

முதல் கட்டக் கடிதம் விலகல் அறிவிப்பு. கூட்டரசு நீதிமன்றச் சட்டத்தின் 33ஜே பிரிவுப்படி நீதிமன்றம் ஒரு கடைசித் தேதி குறிக்கும். அதற்குள் விலகல் படிவத்தை அனுப்பாதவர்கள் எல்லாரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும், வழக்குத் தோற்றாலும்கூட. அதே விஷயத்துக்காகப் பிறகு தனி வழக்குப் போட முடியாது.

பெரும்பாலானோருக்கு விலகாமல் இருப்பதே நல்லது. இழப்பு பெரியது, ஆவணங்கள் வலுவானவை, தனியாக வழக்கு நடத்தப் பணமும் உண்டு என்றால் மட்டும் விலகுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் காலக்கெடுவைக் கவனியுங்கள். குழு வழக்கு நடக்கும் வரை வழக்குத் தொடுக்க உறுப்பினர்களுக்குள்ள காலவரையறைக் கடிகாரம் நின்றிருக்கும். விலகியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். பயனீட்டாளர் சட்ட நட்டஈட்டுக் கோரிக்கைக்கும், பங்கு விவரத்தை மறைத்தது தொடர்பான கோரிக்கைக்கும் பொதுவாக ஆறு ஆண்டுதான். அதில் ஐந்தரை ஆண்டு ஏற்கெனவே போயிருந்தால், விலகிய பிறகு ஆறு மாதமே மிச்சம். ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. விலகல் படிவத்தையே பதிவுப் படிவம் என்று நினைத்து நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். சில நேரம் இரண்டும் ஒரே உறையில் வருவதால் இந்தக் குழப்பம். தலைப்பைப் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

பதிவு: 2025இல் மாறிய இடம்

சமரசப் பேச்சுக்கு முன் எதிர்த்தரப்பு ஒன்றைக் கேட்கும்: மொத்தம் எத்தனை பேர், எவ்வளவு இழப்பு? அதற்காக, இன்ன தேதிக்குள் பதிவு செய்யுங்கள் என்று உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போகும். பதிவு செய்யாதவருக்குப் பங்கு கிடையாது என்று அதிலேயே எச்சரிக்கலாமா என்பதில் சிட்னி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது, கூட்டரசு நீதிமன்றத்தின் முழு ஆயம் (பல நீதிபதிகள் சேர்ந்த மேல்முறையீட்டு அமர்வு) கூடும் என்றது. 2025இல் லெண்ட்லீஸ் எதிர் பல்லாஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த முரண்பாட்டை முடித்துவைத்தது. அப்படி அறிவிப்பு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இதன் நடைமுறைப் பொருளைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு மட்டும் உங்களை வெளியே தள்ளாது. சமரசம் வந்தால், பதிவு செய்யாதவர்களுக்குப் பணம் இல்லை, ஆனால் அவர்களும் சமரசத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்ற உத்தரவைக் கேட்கப்போவதாக அது முன்கூட்டியே சொல்கிறது. சமரசத்துக்கு ஒப்புதல் தரும் நாளில் நீதிமன்றம் அதை முடிவு செய்யும். தேதி தவறிவிட்டால் அன்றே சட்ட நிறுவனத்துக்கு எழுதி, காரணத்தைச் சொல்லி, தாமதப் பதிவுக்குக் கேளுங்கள். கிடைக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சிங்கப்பூரில் இருந்து பதிவு செய்கிறவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது. இங்கே தரகர் வழியாக ஆஸ்திரேலியப் பங்கு வாங்கினால், அங்கே பதிவேட்டில் பெரும்பாலும் உங்கள் பெயர் இருக்காது. வாடிக்கையாளர்களுக்காகப் பங்குகளைத் தன் பெயரில் வைத்திருக்கும் தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயரே இருக்கும். நீதிமன்ற அறிவிப்பும் நாமினிக்கே போகும், உங்களுக்கு வராமலே போகலாம். பங்கு உண்மையில் உங்களுடையது என்பதால் உரிமை உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தரகரிடம் ஒவ்வொரு வாங்கல், விற்றலுக்கும் உரிய ஒப்பந்தச் சீட்டைக் கேளுங்கள். மாத அறிக்கை போதாது. சீட்டில் வர்த்தகத் தேதி, பணம் தீர்ந்த தேதி என்று இரண்டு இருக்கும். படிவம் எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அநேகமாக வர்த்தகத் தேதியைத்தான் கேட்கும். காலகட்டத்தின் முதல் நாளுக்கு முன் கையில் எத்தனை பங்கு இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் இழப்புக் கணக்கே தவறாகிவிடும். தரகர் கணக்கை மூடப்போகிறீர்கள் என்றால் முதலில் எல்லாச் சீட்டையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் பெயர்கள். அடையாள அட்டையில் “முருகன் த/பெ சுப்பையா” என்று இருப்பவர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகப் பதிவில் சுப்பையா என்ற குடும்பப் பெயரோடு இருப்பார். காப்பீட்டு அட்டையிலோ எஸ். முருகன். கணினி இந்த மூவரையும் மூன்று ஆளாகவே எடுத்துக்கொள்ளும். “பொருந்தவில்லை” என்று பதில் வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கடப்பிதழ்ப் பக்கம், பழைய மாணவர் அட்டை அல்லது விசா கடிதம், மூன்றும் ஒருவரே என்று சொல்லும் இரண்டு வரி விளக்கம், இவற்றைப் பதிவு செய்யும்போதே சேர்த்து அனுப்பிவிடுங்கள். பழைய ஆஸ்திரேலிய முகவரியையும் பழைய கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். நிறுவனத்தின் பட்டியலில் உங்களைத் தேடிப் பிடிக்க உதவுவது அவைதான்.

மூன்றாவது, நேரம். நீதிமன்றக் கெடு பெரும்பாலும் அங்கே மாலை 4 மணி. அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி, மெல்பர்ன் நேரம் நமக்கு மூன்று மணி நேரம் முன்னே போகும். அப்போது இங்கே பிற்பகல் 1 மணியோடு கெடு முடிந்தது. மற்ற மாதங்களில் 2 மணி. பிரிஸ்பன் ஆண்டு முழுவதும் இரண்டு மணி நேரம் முன்னே. பெர்த்துக்கும் நமக்கும் நேரம் ஒன்றே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவு செய்துகொள்ளலாம் என்று வைத்தால் தேதி போய்விடும். ஒரு வாரம் முன்பே முடித்து, உறுதிப்படுத்தல் எண் வந்த திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியப்பிரமாண அறிக்கை கேட்டால் உடனே போய்ச் செலவு செய்யாதீர்கள். எந்தச் சாட்சியை ஏற்பார்கள் என்று நிர்வாகியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். சில படிவங்களுக்கு உங்கள் கையெழுத்தே போதும். வெளிநாட்டில் பயன்படுத்தும் ஆவணத்துக்கு இங்கே நோட்டரி பப்ளிக்கிடம் போக வேண்டும். ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டுமா என்பதை அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அதை வழங்குவது சிங்கப்பூர்ச் சட்டக் கழகம்.

கைக்கு வருவது எவ்வளவு?

கடந்த சில ஆண்டுகளில் அதிகம் மாறியது இந்தப் பகுதிதான். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வழக்கின் தொடக்கத்திலேயே நிதியளிப்பவருக்கு (வழக்குச் செலவுக்குப் பணம் போடுபவருக்கு) எல்லா உறுப்பினரின் பணத்திலிருந்தும் இவ்வளவு சதவீதம் என்று உத்தரவிட முடியாது என்றது. 2020 ஜூலை 1 முதல் விக்டோரியா தனக்கென ஒரு வழி வைத்துக்கொண்டது. அங்கே உச்ச நீதிமன்றம், கிடைக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சட்ட நிறுவனத்தின் கட்டணமாக நிர்ணயிக்கலாம். பதிலுக்கு, தோற்றால் வரும் செலவை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும். ஜி8 எடுகேஷன் வழக்கில் 2022இல் 27.5 சதவீதம்; ஆரியம் எஃகு நிறுவன வழக்கில் 40 சதவீதம்.

2025 ஆகஸ்ட் 6இல் கெய்ன் வழக்கில் உயர் நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றத்தின் எல்லையைச் சொன்னது. சமரசத்தின்போதோ தீர்ப்பின்போதோ வழக்கு நிதியளிப்பவருக்குச் சதவீதம் தரலாம். சட்ட நிறுவனத்துக்குத் தர முடியாது. ஆகவே நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். கையெழுத்துப் போடாதவரின் பங்கிலிருந்தும் கடைசியில் பிடிக்கலாம்.

கற்பனைக் கணக்கு ஒன்று. விக்டோரியாவில் 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம். 27.5 சதவீதம் போனால் 5.5 மில்லியன். நிர்வாகச் செலவு அரை மில்லியன். மிச்சம் 14 மில்லியன். பதிவானவர்களின் மொத்த இழப்பு 70 மில்லியன் என்றால், ஒரு டாலர் இழப்புக்கு 20 காசு. உங்கள் இழப்பு 6,000 டாலர் என்றால் கைக்கு வருவது 1,200. சதவீதம் 20 ஆக இருந்தால் சுமார் 1,330. கூட்டரசு நீதிமன்ற வழக்கில் வழக்கறிஞர் கட்டணமும் நிதியளிப்பவரின் சதவீதமும் தனித்தனியே கழியும். இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். அறிவிப்பில் அது தெளிவாக இல்லையென்றால் சட்ட நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வழக்கு வெல்லும் என்பதும் உறுதியில்லை. காமன்வெல்த் வங்கிக்கு எதிரான பங்குதாரர் வழக்கு 2024இல் தோற்றது, 2025இல் மேல்முறையீடும் தோற்றது. டொயோட்டாவில் வாகன மதிப்புக் குறைவை 2022இல் முதல் நீதிபதி 17.5 சதவீதம் என்றார், அடுத்த ஆண்டு முழு ஆயம் 10 ஆக்கியது. பிறகு 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம், 2020இல் பழுது நீக்க வழி கிடைத்ததையும் கணக்கில் எடுத்து மறுபடி மதிப்பிடச் சொல்லித் திருப்பி அனுப்பியது. வரவிருக்கும் பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சமரசம் வந்த பிறகு

33வி பிரிவுப்படி நீதிமன்றம் ஒப்புதல் தராமல் எந்தச் சமரசமும் செல்லாது. தொகை குறைவு, கட்டணம் அதிகம், பங்கீடு ஒருதலைப்பட்சம் என்று தோன்றினால், குறித்த தேதிக்குள் எதிர்ப்பு அறிவிப்பு அனுப்பலாம். வழக்கறிஞர் தேவையில்லை. “இது நியாயமில்லை” என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. எந்தப் பத்தி, எந்த வகை உறுப்பினருக்கு எவ்வளவு குறைகிறது என்று எண்ணோடு எழுதினால் நீதிபதி அதைப் படிப்பார்.

பணம் வருவதற்குள் மாதங்கள், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இதற்குள் பலர் ஆஸ்திரேலிய வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள், அனுப்பிய பணம் திரும்பிப் போகிறது. கணக்கு மாறினால், வீடு மாறினால், பல்கலைக்கழக மின்னஞ்சல் முடக்கப்பட்டால் அன்றே நிர்வாகியின் தளத்தில் மாற்றுங்கள். சிங்கப்பூர்க் கணக்குக்கு வாங்குவதென்றால் ஸ்விஃப்ட் குறியீட்டையும் வங்கியில் உள்ளபடியே முழுப் பெயரையும் கொடுங்கள். வெளிநாட்டு அனுப்புக் கட்டணத்தை யார் ஏற்பது என்றும் கேளுங்கள். தொகை சிறிதாக இருந்தால் பாதியைக் கட்டணமே விழுங்கிவிடும். ஆஸ்திரேலிய டாலரை அப்படியே வாங்கும் பல நாணயக் கணக்கு உங்களிடம் இருந்தால் அதன் விவரத்தைத் தாருங்கள்.